வெறியாட்டும் விற்பனையும்

பித்து, வெறி, மோகம் எனப் பல சொற்களால் நாம் குறிக்கும் மனநிலை ஒன்று இன்றைய கலை விமர்சனத்திலே பெருமதிப்புப் பெற்றுள்ளது. ஓவியன் ஒருவன் ஒரே உருவை ஆயிரந் தடவை வரைந்தான் என்றால், அதுவே அவனது மேதைமைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. ஒரு பொத்தானின் வளைவுக்காகப் பல இரவு உறங்காதிருந்த வடிவமைப்பாளனின் கதையை, அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் கொம்பனியே விளம்பரமாக்கி வெளியிடுகின்றது. எதன்மீது பித்து, அது எங்கிருந்து வந்தது, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்னும் வினாக்கள் எழுவதில்லை. பித்து இருந்தாற் போதும், மிகுதியைக் கலை பார்த்துக்கொள்ளும் என்பது இவர்களது துணிபு.

சங்க இலக்கியம் கற்றோர்க்கு இந்நிலைமை புதிதன்று. அகப்பாடல்களிலே வெறியாட்டு என ஒன்று உண்டு. தலைவி மெலிகின்றாள், கைவளை கழல்கின்றது. காரணம் அறியாத தாய், முருகன் அணங்கினான் எனக் கருதி வேலனை அழைக்கின்றாள். களம் இழைத்து, மறி அறுத்து, வேலன் வெறிகொண்டு ஆடுகின்றான். நோய்க்குக் காரணம் தெய்வமன்று, மலைநாடன் ஒருவனே என்பது தோழிக்குத் தெரியும். அதனை அவள் வாய்திறந்து சொல்வதையே அறத்தொடு நிற்றல் என்றனர் நம் முன்னோர். இன்றைய விமர்சகர்களுட் பலர் தாயின் இடத்திலேயே நிற்கின்றனர். அணங்கு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றதல்லவா?

யப்பானிய ஓவியர் யாயோய் குசாமாவை எடுத்துக்கொள்வோம். கலையிலே பித்து என்ற பேச்சு எழுந்ததும் முதலிற் சொல்லப்படும் பெயர் அவருடையதே. 1929 இல் மற்சுமோட்டோ என்னும் ஊரிலே, விதைகளும் நாற்றுக்களும் விற்ற வசதியான குடும்பமொன்றிற் பிறந்தவர். சிறு வயதிலேயே மாயக் காட்சிகள் அவரைப் பீடித்தன. மேசை விரிப்பிற் கண்ட பூக்கள் சுவரெங்கும், கூரையெங்கும், தன் உடலெங்கும் படர்ந்து தன்னையே அழித்துவிடுவதாக உணர்ந்தார். அந்த அச்சத்தை அடக்குவதற்கே புள்ளிகளையும் வலைப்பின்னல்களையும் வரையத் தொடங்கினார். இவையெல்லாம் அவரே சொன்னவை, நாம் மறுப்பதற்கில்லை. ஆயின் அதே சிறுமி, பதின்மூன்று வயதளவில், இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத் தொழிற்சாலையொன்றிலே பரசூட் துணி தைத்தாள் என்பதும் அவரே சொன்னதுதான். ஒரே தையலை ஓயாது தைத்த கை அது. மாயக் காட்சியைப் பக்கம் பக்கமாக எழுதுவோருக்குப் பரசூட் ஓர் அடிக்குறிப்பாகவே தோன்றுகின்றது.

1958 இல் அவர் நியூயோர்க் நகரை அடைந்தார். அடுத்த ஆண்டு அங்கே காட்சிக்கு வைத்த வலைப்பின்னல் ஓவியங்களிலே, சிறுசிறு வளைவுகள் முடிவின்றித் தொடர்ந்து பரந்த திரைச்சீலைகளை நிறைத்தன. வெள்ளையரும் ஆண்களுமே கோலோச்சிய அந்நகரத்துக் கலையுலகிலே யப்பானியப் பெண்ணொருத்தி இடம்பிடிக்க எத்துணை பாடுபட்டிருப்பாள் என்பதை ஊகிப்பது கடினமன்று. தன் எண்ணங்களைப் பேர்பெற்ற ஆண் ஓவியர்கள் எடுத்தாண்டுவிட்டனர் என்ற மனக்குறை அவருக்கு நெடுநாள் இருந்தது.

அவரது வாழ்விலே எமக்கு மிக முக்கியமாகப் படுவது 1966 ஆம் ஆண்டு வெனிஸ் நகரத்துக் கலைவிழாவில் நடந்த சம்பவமாகும். அழைப்பு எதுவுமின்றியே சென்ற குசாமா, கண்ணாடிபோற் பளபளக்கும் 1500 பிளாஸ்டிக் உருண்டைகளைப் புல்வெளியிலே பரப்பினார். நடுவில் நின்றுகொண்டு, ஒவ்வோர் உருண்டையையும் இரண்டு டொலருக்கு வருவோர் போவோருக்கு விற்கலானார். உங்கள் சுயமோகம் விற்பனைக்குண்டு என்ற கருத்துப்பட ஓர் அறிவிப்பையும் அருகில் நாட்டினார். விழா அதிகாரிகள் வந்து விற்பனையைத் தடுத்தனர். கலைப்பொருளை ஐஸ்கிறீம் போல விற்கலாகாது என்பது அவர்கள் வாதம். அதே பொருளைக் கலைக்கூட முதலாளிகள் மாளிகைகளுக்குள்ளே ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்கலாம். அதில் அவர்களுக்கு ஆட்சேபனை இருந்ததாகத் தெரியவில்லை. 1968 இலே, வியட்நாம் யுத்தம் உக்கிரமடைந்திருந்த வேளை, நியூயோர்க்கின் பங்குச் சந்தைக்கு அண்மையில் நிர்வாண நடனக்காரரைக் கூட்டி அவர் நிகழ்த்திய எதிர்ப்பும் இந்த வரிசையிலே வைத்தெண்ணத் தக்கது. அவரது பித்துக்கு அக்காலத்திலே ஓர் எதிரி இருந்தான்.

பின்னர் நடந்தது என்ன? 1973 இல் நாடு திரும்பிய அவர், 1977 முதல் தம் விருப்பின்படியே டோக்கியோவின் மனநோய் வைத்தியசாலையொன்றிலே தங்கி, அருகிலிருந்த கூடத்திற்குச் சென்று வரைந்துவந்தார். உலகம் அவரை மெல்ல மெல்லத் திரும்பக் கண்டுபிடித்தது. 2012 இல் பிரான்சின் ஆடம்பரப் பை விற்பனையாளரான லூயி வித்தோன் நிறுவனம் அவரது புள்ளிகளைத் தன் பைகளிலே பதித்து விற்றது. 2023 இல் மறுபடியும் விற்றது. இரண்டாவது தடவை, நியூயோர்க்கிலுள்ள அந்நிறுவனத்தின் கடைச் சாளரத்திலே குசாமாவைப் போலவே முகமும் சிவந்த தலைமயிரும் கொண்ட இயந்திரப் பொம்மை ஒன்று நிறுத்தப்பட்டது. அது கையிலே தூரிகை பிடித்துக் கண்ணாடியிற் புள்ளியிட்டுக்கொண்டிருந்தது. தெருவிற் சென்றோர் நின்று படம் பிடித்தனர். அச்சமில்லை, மாயக் காட்சியில்லை, பரசூட்டில்லை. புள்ளி மட்டும் உண்டு. ஒரு பெண்ணின் நோயிலிருந்து நோயைக் கழித்துவிட்டு அதன் அசைவை மாத்திரம் விலைக்கு வாங்கும் ஆற்றல் மூலதனத்துக்கு உண்டு என்பதை அந்தப் பொம்மையைவிடத் தெளிவாக எந்தப் பொருளியல் நூலும் எமக்கு விளக்கியதில்லை.

குசாமாவை நாம் தூய பலியாளாகக் காட்டவும் விரும்பவில்லை. தமது சுயசரிதையிலே கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதியவை இழிவானவை. 2023 இல் அதற்காக மன்னிப்புக் கோரினார். பித்து ஒருவரைத் தம் காலத்தின் அழுக்குகளிலிருந்து கழுவி எடுத்துவிடுவதில்லை. மறுபுறத்தில், நமது முற்போக்கு அணியைச் சேர்ந்த நண்பர்கள் சிலர் இத்தகைய கலை முழுவதையும் 'பூர்ஷ்வா சீரழிவு' என்ற இரு சொற்களாற் புறந்தள்ளிவிடுவதையும் நாம் ஏற்பதற்கில்லை. அதுவும் ஒருவகை வேலன் ஆட்டமே. அணங்கின் பெயர்தான் மாறுகின்றது. வலைப்பின்னல் ஓவியமொன்றின் நல்ல பிரதியைச் சற்று நேரம் உற்று நோக்கினோர், ஒரு மனிதப் பிறவி சிதறிவிடாமல் தன்னைத்தானே இழுத்துக் கட்டி வைத்திருப்பதை அதிற் காணாதிருக்க முடியாது.

அவ்வாறு உற்று நோக்க இன்று நேரம் விடுகின்றார்களா என்பது வேறு கதை. நாற்புறமும் கண்ணாடி பதித்த குசாமாவின் அறைகள் இன்று உலகப் புகழ் பெற்றவை. 2017 இல் வோஷிங்டன் நகரத்து ஹிர்ஷோர்ன் கலைக்கூடத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது கூட்டம் அலைமோதியது. நெடுநேரம் வரிசையில் நின்றோருக்கு அறையொன்றினுள் 20 முதல் 30 விநாடிவரையே அனுமதி. அந்த விநாடிகளிலே பெரும்பாலோர் செய்தது தம்மைத் தாமே படம் பிடித்ததுதான். அவ்வாறு படம் பிடிக்க முயன்ற ஒருவரால் பூசணி உருவொன்று உடைந்ததாகச் செய்தியும் வந்தது. முடிவின்மையைக் காட்டுவதற்குச் செய்த அறையிலே முப்பது விநாடி! வெனிஸ் புல்வெளியிலே பரிகாசமாக விற்கப்பட்ட சுயமோகம் இங்கே பரிகாசமின்றியே விலைபோகின்றது.

ஓவியரின் பித்து பார்வையாளரின் பித்தாக மாறும் இடம் இதுவே. இதற்கு வேண்டிய கருவி எல்லாருடைய சட்டைப்பையிலும் இருக்கின்றது. கைத்தொலைபேசியின் திரையிலே விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டேயிருக்கும் பக்கம் தற்செயலாகத் தோன்றியதன்று. 2006 இல் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அமைத்த முறை அது. பின்னாளில் அதற்காக அவரே வருந்திப் பேசினார். புத்தகத்துக்குப் பக்கத்தின் அடி என்று ஒன்று உண்டு. அங்கே கண் நிற்கும்; நிறுத்தலாமா, புரட்டலாமா என்று மனம் ஒருகணம் தீர்மானிக்கும். அந்த ஒரு கணத்தையே அவர்கள் எடுத்துவிட்டார்கள். பேஸ்புக் நிறுவனத்தின் முதல் தலைவராயிருந்த ஷோன் பார்க்கர், மனித உளவியலின் பலவீனம் ஒன்றைத் தெரிந்தே பயன்படுத்தினோம் என்று 2017 இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்ட இயந்திரங்களைப் பல்லாண்டு ஆராய்ந்த மானிடவியலாளர் நட்டாஷா டோ ஷூல், 2012 இல் வெளியிட்ட நூலிலே வியக்கத்தக்க ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். அவ்வியந்திரங்களின் முன் அமர்ந்திருப்போர் வெல்வதற்காக ஆடுவதில்லை, ஆடிக்கொண்டேயிருப்பதற்காக ஆடுகின்றனர். ஆசனமும் ஒளியும் பொத்தானின் உயரமும் அதற்கேற்பவே அமைக்கப்பட்டுள்ளன. எமது மாணவர் இரவு இரண்டு மணிவரை திரையைத் தள்ளிவிட்டுக் காலையில் வகுப்பிலே கண்செருகி இருக்கும்போது, ஒழுக்கக் கேடு என்று திட்டுவது எமக்கு எளிது. (நாமும் திட்டியிருக்கின்றோம்.) ஆயின் அந்தப் பித்து அவர்களுக்குள்ளே ஊறியதன்று, வெளியிலே செய்யப்பட்டது.

இந்தத் திரையுலகத்தின் கலைஞராக முடிசூட்டப்பட்டவர் பீப்பிள் என்ற புனைபெயருடைய அமெரிக்கர் மைக் விங்கிள்மன். 2007 மே 1 ஆந் திகதி தொடங்கி நாளொன்றுக்கு ஒரு படம் என ஒருநாளும் தவறாது செய்து இணையத்திலே இட்டுவந்தார். முதல் 5000 படங்களை ஒன்றாக ஒட்டிய கணினிக் கோப்பு, 2021 மார்ச்சிலே கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் 69 மில்லியன் டொலருக்கு மேல் விலைபோயிற்று. வாங்கியவர் தமிழராகிய விக்னேஷ் சுந்தரேசன். நம்மவர் ஒருவர் வாங்கினார் என்பதிலே பெருமை காண்பது எளிது; எதை வாங்கினார் என்று பார்ப்பதே கடினமானது. அப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்த விமர்சகர்கள் சிலர், தொடக்ககாலப் படங்களுள்ளே பெண்களையும் பிற இனத்தவரையும் இழிவுசெய்யும் கேலிகள் இருப்பதைச் சுட்டிக்காட்டினர். ஆயின் ஏலத்திலே விலைபேசப்பட்டது எந்தப் படமுமன்று. பதின்மூன்று ஆண்டு, ஒருநாளும் தவறவில்லை என்ற எண்ணிக்கையே விலைபோயிற்று. விடுமுறை எடுக்காத உழைப்பாளியைக் கண்டு முதலாளி மகிழ்வதிலே வியப்பென்ன?

தவறாமை பற்றிப் பேசும்போது மற்றொருவர் நினைவுக்கு வருகின்றார். தெசிங் ஷியே 1950 இல் தாய்வானிற் பிறந்தவர். 1974 இல் கப்பலொன்றிலிருந்து தப்பி அமெரிக்காவுக்குள் நுழைந்தார். குடியுரிமைப் பத்திரம் எதுவுமின்றி, உணவுச்சாலைகளிலே கோப்பை கழுவியும் தரை துடைத்தும் பிழைத்தார். 1980 ஏப்ரில் 11 முதல் ஓராண்டு காலம், தொழிற்சாலைகளில் உள்ளதைப் போன்ற நேரப்பதிவு இயந்திரமொன்றைத் தம் அறையிலே மாட்டி, இரவு பகலாக மணிக்கொருமுறை அட்டை அடித்தார். தொடங்கும்போது தலையை மழித்திருந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு படம் எடுக்கப்பட்டது. அப்படங்களைத் தொடுத்து ஓட்டினால் ஓராண்டு ஆறு நிமிடத்திற்குள் ஓடிவிடுகின்றது. மயிர் வளர்கின்றது, முகம் வாடுகின்றது, கடிகார முட்கள் சுழல்கின்றன.

அவர் எந்தப் பொருளையும் உற்பத்தி செய்யவில்லை. தொழிலாளியின் நாளிலிருந்து தொழிலை எடுத்துவிட்டு, அட்டையை மட்டும் எஞ்சவிட்டார். தமது செயல் காலங்கழிவதைப் பற்றியதே என்று அவர் பெரும்பாலும் கூறுவார். அரசியற் கலைஞர் என்ற பெயரை அவர் விரும்பியதில்லை. அது அவர் உரிமை. ஆயினும் சட்டத்தின் கண்ணிலே இல்லாதவனாக வாழ்ந்த கூலியாளன் ஒருவன், தான் இருக்கின்றான் என்பதை மணிக்கொருமுறை இயந்திரத்திலே பதித்தான் என்ற உண்மையை எந்த விளக்கமும் மறைக்கமாட்டாது. 8760 தடவைகளிலே அவர் தவறவிட்டவை 133. உறக்கத்தாற் போனவை 94, பிந்தியவை 29, முந்தியவை 10. இக்கணக்கையும் அவரே எழுதிக் காட்சியிலே வைத்தார். பித்தினது பெருமையைப் பாடுவோர் இந்த 133 ஐப் பாடுவதில்லை. எமக்கோ அந்த 94 உறக்கங்களே அப்படைப்பின் உயிர்நிலையாகத் தோன்றுகின்றன.

நாம் கற்பிக்கும் உயர்தர வகுப்பிலே இப்படத்தொடரைக் காட்டினோம். மாணவர் முதலிற் சிரித்தனர், பின்னர் அடங்கினர். பின் வாங்கில் இருந்த பெண்ணொருத்தி எழுந்தாள்.

"சேர், எங்கட அக்கா ஆறு வருசமாக் காட் அடிக்கிறா. அவவின்ர காட்டை ஆர் சேர் கண்ணாடிப் பெட்டிக்கை வைக்கினம்?"

அக்கா கொழும்புப் பக்கத்திலே ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கின்றாள். நாம் ஏதோ மறுமொழி சொல்ல முயன்றோம். கலை என்பது வாழ்வை அதன் பயன்பாட்டிலிருந்து பிரித்துக் காட்டுவது, உன் அக்காவின் அட்டையை நீ இன்று நினைத்ததே அந்த மனிதரின் வெற்றி என்றெல்லாம் கூறினோம். பிழையான மறுமொழியன்று. எனினும் அவள் கேட்டதற்கு அது மறுமொழியாகாது என்பது அவளுக்கும் தெரிந்தது, எமக்கும் தெரிந்தது. ஷியேயின் அட்டைகளைக் கலைக்கூடங்கள் பாதுகாக்கின்றன. பிந்திய 29 தடவைக்கும் அவரிடம் எவரும் காசு வெட்டவில்லை.

அடுத்த கிழமை அவள் அக்காவிடம் தொலைபேசியிலே கேட்டு வந்திருந்தாள். ஆறு வருடத்திலே பிந்தியது நான்கு தடவை. நான்கு மாதமும் வரவுக் கொடுப்பனவு இல்லாமற் போயிற்றாம். உறக்கத்தாற் பிந்தியது எத்தனை என்று கேட்டோம். மூன்று என்றாள், மற்றையது பஸ் வராததால். கரும்பலகையிலே முன்னர் எழுதிய 133 இன் பக்கத்தில் அந்த நான்கையும் எழுதினோம்.