வாசலில் நிற்பவள்

மதீனாவில் ஒரு விடியற்காலை. சுப்ஹுத் தொழுகைக்காக வெளியே வந்த நபி (ஸல்) அவர்கள், இருள் விலகாத அந்நேரத்தில் தம் வாசலில் ஒரு பெண் நிற்பதைக் கண்டு யாரென வினவினார்கள். அவர் ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி). தம் கணவர் ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களோடு இனி வாழ இயலாது என்று முறையிடவே அவர் வந்திருந்தார். இமாம் மாலிக் அவர்களின் முவத்தா இதனைப் பதிவு செய்கிறது. கணவர் அடித்ததில் அவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தது என்ற விவரத்தை அபூதாவூத் தொகுப்பு தருகிறது. மஹராகப் பெற்றதைத் திருப்பிக் கொடுத்த அவர், மணவாழ்விலிருந்து விடுபட்டுத் தம் குடும்பத்தாரிடம் தங்கினார். 'பொறுத்துப் போ' என்று அவர் திருப்பி அனுப்பப்படவில்லை.

கன்னட எழுத்தாளரும் வழக்குரைஞருமான பானு முஷ்தாக்கின் 'கரிநாகங்கள்' என்ற சிறுகதையைப் படிக்கும்போது இந்த வாசல் நம் நினைவில் வந்து நின்றது. அவருடைய கதைகளின் ஆங்கிலத் தொகுப்பு 2025ஆம் ஆண்டு சர்வதேச புக்கர் பரிசு பெற்ற பின்னரே தமிழ் வாசகர் பலர் அவரை அறிந்தனர். எனினும் இக்கதை அதற்கு மிக முந்தியது. கிரீஷ் காசரவள்ளி இதனைத் தழுவி 'ஹசீனா' என்ற திரைப்படத்தை 2004இல் எடுத்தார்.

கதை எளியது. பெண் மக்களையே பெற்றாள் என்ற 'குற்றத்திற்காக' ஆஷ்ரஃப் கணவனால் கைவிடப்படுகிறாள். ஜீவனாம்சம் கேட்டு முத்தவல்லியிடம் மன்றாடுகிறாள். மனு மேல் மனு, காத்திருப்பு மேல் காத்திருப்பு. இறுதியில் குழந்தைகளோடு பள்ளிவாசல் முற்றத்தில் வந்து அமர்கிறாள். நோயுற்ற கடைக்குட்டி இறந்துபோகிறது. ஊர்ப் பெண்கள் தெருவில் நடந்து செல்லும் முத்தவல்லியைச் சபிக்கிறார்கள். முத்தவல்லியின் மனைவியோ, ஓயாத பிள்ளைப்பேற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அறுவைச் சிகிச்சைக்குப் புறப்பட்டுவிடுகிறாள்.

'நம் அழுக்கைப் பிறர் முன் துவைக்கும் எழுத்து' என்று இத்தகைய கதைகளை ஒதுக்குவது நம்மவரிடையே வழக்கம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு சொன்னதுண்டு. ஆனால் கதையைக் கூர்ந்து படிப்பவர் ஒன்றைக் கவனிப்பர். அதில் குற்றக் கூண்டில் நிற்பது மார்க்கம் அன்று. படித்த பெண்ணான ஜுலேகா பேகம் ஆஷ்ரஃபுக்கு எடுத்துச் சொல்லும் உரிமைகள் யாவும் குர்ஆனும் நபிமொழியும் தந்தவையே. கூண்டில் நிற்பவர், அந்த உரிமைகளை அறிந்தும் அறியாதவர்போல் இருக்கும் நிர்வாகி. கதையின் வலிமை இங்கேதான் உள்ளது.

குறையும் உண்டு. முத்தவல்லியை முற்றிலும் தீயவராகத் தீட்டியிருப்பதால் வாசகர் எளிதில் தப்பித்துக்கொள்கிறார். 'நாம் அப்படிப்பட்டவர் அல்லர்' என்று நிம்மதியாக ஏட்டை மூடிவிடலாம். நாம் கண்டவரை, இத்தகைய பெண்ணைக் கைவிடுபவர் பெரும்பாலும் தீயவர் அல்லர், நல்லவர், அவசரப்பட்டு ஸப்ரைப் போதிப்பவர். பொன்னேரி வட்டாரத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில், ஒரு சமரசப் பேச்சில் நாமும் ஒருவராக அமர்ந்திருந்தோம். பனையோலை பின்னிப் பிழைக்கும் ஒரு பெண், கையில் கட்டுடன், இரண்டு பிள்ளைகளோடு வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே பேசியவர் அவளுடைய சகோதரர். கணவர் வருத்தம் தெரிவித்தார். துஆ ஓதிக் கலைந்தோம். எட்டு நாட்களில் அவள் மீண்டும் வந்தாள். அன்றுதான் நமக்கு உறைத்தது: முதல் நாளில் அவளிடம் ஒரு கேள்விகூட நாம் கேட்கவில்லை!

இது முஸ்லிம்களுக்கு மட்டுமே உரிய நோய் அன்று. ஏரியைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களிலும் குடும்ப வழக்கை ஊர்ப் பஞ்சாயத்தே பேசித் தீர்க்கிறது; அங்கும் அமர்பவர் ஆண்களே. ஏரியில் மீன்பிடிக்கும் முறையைப் பங்கிடும் 'பாடு' ஆணின் தலைக்கட்டைப் பற்றியே வருவதால், கணவனை விட்டு வெளியேறும் பெண் வீட்டோடு பிழைப்பையும் இழக்கிறாள். அரசின் கை இங்கு நீண்டு வருவதற்குள் களைத்துவிடுகிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லா மதத்தவர்க்கும் பொருந்துவது. பாதுகாப்பு ஆணை, வீட்டில் வசிக்கும் உரிமை, குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றை நீதித்துறை நடுவர் வழங்கலாம். ஆயினும் நீதிமன்றம் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் பொன்னேரியில், மாவட்ட அலுவலகமோ திருவள்ளூரில். பேருந்து மாறிப் போய்வர ஒரு நாள் கூலி போகும். அந்த இரவில் குழந்தைகள் எங்கே உறங்கும் என்ற கேள்விக்கு ஏட்டுச் சட்டத்தில் உடனடி விடை இல்லை.

இவ்விடத்தில் தமிழகத்துப் பெண்களே ஒரு விடை தேடினர். புதுக்கோட்டையை மையமாகக் கொண்டு ஷரீஃபா கானமும் தோழியரும் 2004இல் அமைத்த பெண்கள் ஜமாஅத்தைத் தீபா தன்ராஜ் 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' என்ற ஆவணப்படமாக 2011இல் வெளியிட்டார். 12 மாவட்டங்கள், 12,000 உறுப்பினர்கள், 8,000க்கும் மேற்பட்ட வழக்குகள் என்று படத்தின் அறிமுகக் குறிப்பு கூறுகிறது. கன்னடக் கதை சாபத்தில் முடிந்தது. சாபம், முறையிட மன்றமில்லாதவரின் நீதி. தமிழ்ப் பெண்களோ சாபத்தைத் தாண்டி ஒரு மன்றத்தையே அமைத்தனர். பெண்ணின் வாயிலிருந்தே அவள் வழக்கைக் கேட்பது என்னும் ஒரே மாற்றம் எவ்வளவு பெரிது என்பதை இப்படம் நமக்கு உணர்த்துகிறது.

ஆனால் படத்தைப் பார்க்கும் பிற சமயத்தவர், ஆண்களின் ஜமாஅத் செய்வதே ஷரீஅத் என்றும், பெண்கள் செய்வது அதற்கு எதிரான கலகம் என்றும் எண்ணிவிடக்கூடும். ஃபிக்ஹு நூல்களைத் திறந்து காட்டுவது படப்பிடிப்பாளரின் வேலை அன்று. அது நம் வேலை. அதை நாம் செய்யவில்லை என்பதே நம் குறை.

செய்தவர் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், ஹனஃபிச் சட்டத்தில் கொடுமைக்காக மணவிலக்குப் பெற வழி குறுகியிருந்ததால், பஞ்சாபில் சில பெண்கள் மதம் மாறியேனும் விடுபட முயன்றனர். மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்களைக் குறைகூறி ஓயவில்லை. மாலிகீ மத்ஹபின் தீர்வை ஏற்று 'அல் ஹீலத்துன் நாஜிஸா' என்ற நூலை 1930களில் வெளியிட்டார். காழி இல்லாத நாட்டில் நேர்மையான முஸ்லிம்களின் குழு காழியின் பொறுப்பை ஏற்கலாம் என்பது அதன் சாரம். அரசின் உதவி எட்டாத இடத்தில் அநீதிக்குள்ளானவரைக் கைவிடலாகாது என்ற இக்கோட்பாட்டின் பயனாக, 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் கணவனின் கொடுமையை மணமுறிவுக்குரிய காரணமாக ஏற்றது.

இன்று நிலைமை வேறு. வழிபாட்டுத் தலங்களில் நீதிமன்றம் போன்று மன்றங்கள் இயங்கலாகாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. இதனை இழப்பாக எண்ணுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தீர்ப்புக் கூறும் நாற்காலி போனாலும் அடைக்கலம் தரும் வாசல் நம்மிடமே இருக்கிறது. காயத்தோடு வருபவளை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, அவள் சொல்வதை அவள் சொன்னபடியே தேதியிட்டு எழுதிக்கொள்வது, அவளும் குழந்தைகளும் தங்க நம்பிக்கையான குடும்பத்தை அமர்த்துவது, பொன்னேரிக்கு உடன் செல்ல ஒரு பெண்ணையும் வழிச்செலவையும் தருவது ஆகியவற்றை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. குடும்பங்களிலிருந்து நடுவரை அமர்த்தச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் நாடுவது இணக்கத்தை. அடிபட்டவளின் வாயை அடைத்துப் பெறுவது இணக்கம் அன்று. அது அடுத்த அடிக்கு நாம் எழுதித்தரும் அனுமதி.

ஆஷ்ரஃபின் குழந்தை இறந்தது பள்ளிவாசல் முற்றத்தில். ஹபீபா (ரலி) நின்றதும் ஒரு வாசலில்தான். அவர் இருளில் நின்றபோது உள்ளிருந்தவர் முதலில் கேட்டது 'யார்?' என்பதை. நம் ஊர் வாசல்களில் இன்றிரவு நிற்பவளிடமும் அக்கேள்வியை முதலில் கேட்போமாக. மற்றவை பின்னர் வரும்.