தையல் தெரியும் உருவம்

சிவகிரியில், மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிய ஒரு வீட்டின் கூடத்தில், திரு இருதய ஆண்டவர் படத்துக்கு அருகே ஒரு நிழற்படத்தைக் கண்டோம். அறுபதைக் கடந்த ஒரு தாய். அவரருகே இருபத்தேழு வயது இளைஞர். முதன்முறை காண்போர் தாயும் மகனும் என்றே எண்ணுவர். அவர்களோ கணவனும் மனைவியும். இளமையிலேயே இறந்த கணவரின் சிறிய படம் ஒன்றையும், மனைவியின் முதுமைப் படத்தையும் ஸ்டூடியோக்காரர் ஒரே சட்டத்துள் சேர்த்திருந்தார். கணவரின் முகத்தில் வயதை ஏற்றித் தரட்டுமா என்று அவர் கேட்டபோது, அந்த அம்மா மறுத்துவிட்டாராம். "வேண்டாம்யா, அவுக போனப்ப எப்படி இருந்தாகளோ அப்படியே இருக்கட்டும்."

சில ஆண்டுகள் கழித்துப் பேரப்பிள்ளைகள் அப்படத்தைக் கணினியில் புதுப்பித்தனர். இருவர் மீதும் ஒரே ஒளி விழுந்தது, தாத்தாவுக்குக் கோட்டும் டையும் வந்தன, சுருக்கங்கள் மறைந்தன. அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது யாருய்யா?" என்று மட்டும் கேட்டார். கல்லறைத் திருநாளன்று மாலை சாற்றப்பட்டது பழைய படத்துக்கே.

அந்தக் கேள்வியை உரைகல்லாகக் கொண்டு, இரு படங்களைக் கலந்து ஓருருவம் சமைக்கும் கலையை இங்கு ஆராய விழைகிறோம்.

இக்கலை கணினியோடு பிறந்ததன்று. 1857இலேயே ரெய்லாண்டர் என்பார் முப்பதுக்கும் மேற்பட்ட எதிர்ப்படிவங்களை இணைத்து, வாழ்வின் இரு வழிகளைக் காட்டும் ஒரு பெரும் படத்தை அமைத்தார். சென்ற நூற்றாண்டில் அமெரிக்கரான ஜெர்ரி உல்ஸ்மன் இருட்டறையிலேயே பல உருப்பெருக்கிகளைக் கொண்டு கனவுக் காட்சிகளைப் படைத்தார். 1990இல் வெளியான ஃபோட்டோஷாப், 1994இல் 'அடுக்கு' என்னும் வசதியைப் பெற்றது. ஒரு படத்தின் மேல் மற்றொன்றை வைத்து, மேலுள்ளதன் அடர்த்தியைக் குறைத்து, வேண்டாத பகுதியை முகமூடியால் மறைத்தால் போதும், இருமுகம் ஒருமுகமாகிவிடும். முன்பு பல நாள் உழைப்பைக் கேட்ட வேலை இன்று சில நிமிடங்களில் முடிகிறது. ஆகவே, செய்ய முடியுமா என்பதன்று இன்றைய வினா. எதற்காகச் செய்கிறோம் என்பதே.

நம் நாட்டில் இக்கலையின் குறிப்பிடத்தக்க சாதனை, விவான் சுந்தரம் (1943 - 2023) படைத்து, 2001இல் நூலாகவும் வெளிவந்த 'ரீடேக் ஆஃப் அம்ரிதா' என்னும் படவரிசையாகும். இருபத்தெட்டே வயதில் 1941இல் மறைந்த ஓவியர் அம்ரிதா ஷெர்கில், விவானின் தாயுடன் பிறந்தவர். தங்கை மகன் பிறக்குமுன்பே மறைந்தவர். பாட்டனார் உம்ராவ் சிங் எடுத்துவைத்த குடும்பப் படங்களைக் கணினியில் அடுக்கி, தாம் காணாத பெரியம்மாவை விவான் தேடுகிறார். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஊர்களில் எடுக்கப்பட்ட முகங்கள் ஒரே அறையில் சந்திக்கின்றன. இறந்தோர் மீதுள்ள ஏக்கமே இப்படங்களின் உயிர்.

இவற்றின் சிறப்பு, பழைய படங்களின் கறுப்பு வெள்ளைத் தன்மையைக் கைவிடாமையாகும். காலம் கலக்கப்படுகிறது, அழிக்கப்படவில்லை. எனினும் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அம்ரிதா தம்மைத் தாமே பலமுறை வரைந்தவர். தம் முகம் எவ்வாறு காணப்பட வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்தவர். இங்கோ தந்தையின் கண்ணும் தங்கை மகனின் கையும் அவரை ஆள்கின்றன. அவருடைய ஓவியங்கள் இடையிடையே தலைகாட்டுவது ஓரளவு ஈடு செய்கிறது. ஆயினும், இணைப்பு மிகவும் வழுவழுப்பாக அமையும் இடங்களில், 'இவர் யார்?' என்ற சிவகிரி அம்மாவின் கேள்வி நமக்கும் எழுகிறது. மறுத்துப் பேச இயலாதவரின் முகத்தை ஆள்வதில் அச்சம் வேண்டும்.

சிவகிரிக்கு அருகில், சங்கரன்கோவிலில், நம் இந்துச் சகோதரர்கள் போற்றும் சங்கரநாராயணர் உருவத்தில் வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலும் ஆவர். கோமதியம்மன் தவமிருந்து கண்ட காட்சியென ஆடித்தபசில் அது கொண்டாடப்படுகிறது. அச்சிற்பத்தின் பொருள் நடுக்கோட்டில் இருக்கிறது. இருபாதிகளும் கரைந்து மூன்றாவதொன்றாகிவிட்டால் அங்கே ஒற்றுமையும் இல்லை, இருவரும் இல்லை.

நம் திருச்சபையின் நினைவிலும் இதையொத்த ஒரு தெளிவு உண்டு. 451இல் கூடிய கால்செதோன் பொதுச்சங்கம், கிறிஸ்து என்னும் ஒரே ஆளில் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் கலந்து குழம்பாமலும், பிரிந்து விலகாமலும் உள்ளன என அறிக்கையிட்டது. அம்மறைபொருளை ஒரு படக்கலையின் அளவுக்குச் சுருக்க நாம் துணியவில்லை. ஆனால் ஒன்றிப்பு என்பது ஒன்றையொன்று விழுங்குவதன்று என்ற பாடத்தை அங்கிருந்து கற்கலாம் அன்றோ? புனிதர்களின் சமூக உறவை அறிக்கையிடும் நாம், இறந்தோர் நம்மோடிருப்பதாக நம்புகிறோம். அவர்கள் நாமாகிவிட்டதாக நம்புவதில்லை.

எனவே, கலப்புப் படத்தை மதிப்பிட நாம் முன்வைக்கும் அளவுகோல் எளியது. சேர்க்கப்பட்ட இருவரையும் அவர்களை நேசித்தவர் இனங்காண முடிகிறதா? முடியுமெனில் அது கற்பனையாயினும் மெய். இயலாதெனில், எத்துணை அழகாயினும் அது மறதியே.

பழைய ஸ்டூடியோக்காரரின் வேலையில் தையல் தெரிந்தது. கணவரின் தோளருகே ஒரு வெளிறிய கோடு ஓடியது. அவர் போன ஆண்டுக்கும் அம்மா முதிர்ந்த ஆண்டுக்கும் இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தக் கோட்டில்தான் இருந்தது. அதை அழித்துவிட்டால், அந்த அம்மா காத்திருந்த ஆண்டுகளையும் அழித்தவர்களாவோம்.