மார்ச் 8க்கு ஒரு பேச்சாளர் தேவை

பிப்ரவரி பிறந்ததும் என் பழைய மாணவிகளிடமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். பெரும்பாலும் சென்னையிலும் கோவையிலும் உள்ள நிறுவனங்களில் எச்.ஆர். பிரிவில் வேலை பார்ப்பவர்கள். "மேடம், விமன்ஸ் டேக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் சொல்லுங்களேன்" என்பார்கள். பெயர் சொல்வதற்கு முன்பு, பேச்சாளருக்கு அனுப்பப்போகும் குறிப்பை எனக்கு ஒருமுறை அனுப்பும்மா என்று கேட்பேன். இப்படிப் பல ஆண்டுகளாக நிறையக் குறிப்புகளைப் படித்துவிட்டேன். மேடையில் பேசப்படும் உரையை எல்லோரும் விமர்சிக்கிறோம். அந்த உரையைக் கேட்டு வாங்கும் அரைப்பக்கக் குறிப்பை யாரும் விமர்சிப்பதில்லை. ஒரு நிறுவனம் தன்னிடம் வேலை செய்யும் பெண்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது அந்த அரைப்பக்கத்தில்தான் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது.

நிறுவனம் எதுவானாலும் குறிப்பு ஏறத்தாழ ஒன்றுதான். முக்கால் மணி நேரம் பேச வேண்டும். ஊக்கமூட்டுவதாக இருக்க வேண்டும். சொந்த வாழ்க்கைக் கதை இருந்தால் நல்லது. அரசியல், மதம், சாதி வேண்டாம். ஆண் ஊழியர்களும் வருவார்கள், அவர்கள் சங்கடப்படும்படி எதுவும் சொல்ல வேண்டாம். குடும்பத்தையும் வேலையையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முடிவில் பெண்கள் வீட்டுக்கு எடுத்துச்செல்ல இரண்டு மூன்று செய்திகள் வேண்டும்.

இந்த நிபந்தனைகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். பேசுகிறவர் பெண், கேட்கிறவர்களும் பெண்கள், மாற வேண்டியவர்களும் பெண்கள். சம்பளத்தை முடிவு செய்பவர், பதவி உயர்வுப் பட்டியலில் கையெழுத்துப் போடுபவர், இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைப்பவர் ஆகிய யாருக்கும் இந்த உரையில் ஒரு செய்தியும் கிடையாது. அவர்கள் விளக்கேற்றிவிட்டு, வரவேற்புரை முடிந்ததும் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுவார்கள். அதே நிறுவனம் ஆண்டு விற்பனை மாநாட்டுக்கு ஓர் ஆணை அழைக்கும்போது, குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று குறிப்பில் கேட்பதை நான் பார்த்ததில்லை. அங்கே கட்டணம் முதலிலேயே பேசப்படுகிறது. மகளிர் தினத்துக்கு வரும் எழுத்தாளருக்கோ பொன்னாடையும் நினைவுப் பரிசும் போதும் என்று நினைக்கிறார்கள். உழைப்புக்குக் கூலி கேட்ட நாளில், பேச்சு என்கிற உழைப்பு இலவசமாகக் கேட்கப்படுகிறது.

கூலி கேட்ட நாள் என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. 1910ல் கோபன்ஹேகனில் கூடிய சோஷலிசப் பெண்கள் மாநாட்டில் கிளாரா ஜெட்கினும் தோழர்களும் முன்வைத்த யோசனையிலிருந்து வந்தது இந்த நாள். 1917ல் பெத்ரோகிராத் நகரத்து நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலைநிறுத்தம் செய்து தெருவில் இறங்கிய நாளே நம் நாட்காட்டியில் மார்ச் 8. அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் தன்னம்பிக்கை வகுப்பு நடத்திக்கொள்ளவில்லை. அரசிடமும் முதலாளிகளிடமும் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். மேலே இருப்பவர்களை நோக்கிப் பெண்கள் பேசிய நாள், மேலே இருப்பவர்கள் செலவில் பெண்களை நோக்கியே பேசப்படும் நாளாக மாறிவிட்டது.

இன்றைய சிறப்புரைகளுக்கு ஒரு மூலப்படி உண்டு. அப்போது ஃபேஸ்புக் நிறுவனத்தின் தலைமைச் செயல்பாட்டு அலுவலராக இருந்த ஷெரில் சாண்ட்பெர்க் 2010ல் டெட் மேடையில் பேசிய பேச்சு அது. 2013ல் 'லீன் இன்' புத்தகமாக விரிந்தது. அந்தப் பேச்சில் மூன்று அறிவுரைகள். கூட்டத்தில் ஓரமாக ஒதுங்காமல் மேசையில் வந்து உட்காருங்கள். வாழ்க்கைத் துணையை வீட்டு வேலையிலும் உண்மையான துணை ஆக்குங்கள். பிள்ளை பிறப்பதற்கு வெகு முன்பே மனத்தளவில் வேலையிலிருந்து விலகத் தொடங்கிவிடாதீர்கள். மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்றும் ஏவல் வினைகள், மூன்றுக்கும் எழுவாய் பெண்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். மேசையை யார் போட்டார்கள், எத்தனை நாற்காலிகள் போட்டார்கள் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. புத்தகம் வந்த ஆண்டிலேயே பெல் ஹூக்ஸ் இதை விமர்சித்து எழுதினார். இனத்தையும் வர்க்கத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு எல்லாப் பெண்களுக்கும் ஒரே ஏணியைக் காட்டுவதில் உள்ள சிக்கலை அவர் பேசினார். நம் மேடைகளுக்கு சாண்ட்பெர்க்கின் அறிவுரைகள் வந்து சேர்ந்தன. பெல் ஹூக்ஸின் கேள்விகள் வரவில்லை.

நம் ஊரிலிருந்தே ஒரு கதையும் இந்த மேடைகளில் அடிக்கடி வரும். சென்னையில் பிறந்து, பெப்சிகோவின் தலைமைச் செயல் அலுவலராக 2006 முதல் 2018 வரை இருந்த இந்திரா நூயி சொன்ன கதை. நிறுவனத்தின் தலைவராக நியமிக்கப்படும் செய்தியோடு ஓரிரவு வீட்டுக்கு வருகிறார். அம்மா, செய்தி இருக்கட்டும், பால் இல்லை, போய் வாங்கிவா என்கிறார். கணவர் முன்பே வந்துவிட்டாரே, அவரைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், அவர் களைத்திருக்கிறார் என்பது பதில். வாங்கி வந்த பிறகு அம்மா சொல்கிறார்: வீட்டுக்குள் நீ மனைவி, மகள், மருமகள், தாய். அந்தக் கிரீடத்தைக் கார் ஷெட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வா.

இதை நூயி 2014ல் அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் நடந்த உரையாடல் ஒன்றில் சொன்னார். மேடையில் இதை மறுபடி சொல்கிறவர்கள் பணிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அரங்கம் கைதட்டும். பால் வாங்கப் போகாத மனிதரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெண் எத்தனை உயரம் போனாலும் பால் அவள் பொறுப்பு என்பதுதான் கதையின் கரு. அதைச் சிரித்துக்கொண்டே ஏற்க வைப்பதுதான் மேடையில் அந்தக் கதை செய்யும் வேலை.

ஆனால் நூயி அந்தக் கதையோடு நிற்கவில்லை. அதே உரையாடலில், பெண்களால் எல்லாவற்றையும் ஒருசேரப் பெற முடியாது, பெறுவதுபோல் நடித்துக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். தான் ஊரில் இல்லாதபோது மகள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு விளையாட அனுமதி கேட்பாளாம். வரவேற்பாளர் எடுத்து, வீட்டுப்பாடம் முடித்தாயா என்று வரிசையாகக் கேட்டு அனுமதி தருவாராம். வேடிக்கையாகச் சொல்லப்படும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன். ஒரு பெண் உயரத்துக்குப் போக, இன்னொரு பெண்ணின் வேலை நேரத்துக்குள் பராமரிப்பு வேலையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வரவேற்பாளரை எந்த நிறுவனமும் சிறப்புரைக்கு அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 2021ல் வந்த தன் வரலாற்றில் நூயி இன்னும் ஒருபடி மேலே போனார். சம்பளத்துடன் விடுப்பு, நெகிழ்வான வேலைநேரம், குழந்தைகளுக்கும் முதியோருக்குமான பராமரிப்பு அமைப்பு ஆகியவை வேண்டும் என்று வாதாடினார். அவரிடமிருந்து மேடைகள் எடுத்துக்கொண்டது பாலும் கிரீடமும். விட்டுவிட்டது பராமரிப்புக்கான கோரிக்கை. கோரிக்கைக்குச் செலவாகும், கதைக்குச் செலவில்லை.

இங்கே கோரிக்கை ஏற்கெனவே சட்டமாகவும் இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், 26 வாரச் சம்பள விடுப்போடு, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம். ஒரு மகளிர் தின உரையில் இந்த நான்கு முறையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினாலே, அரங்கில் இருக்கும் இளம் தாய்மார்களுக்கு வீட்டுக்கு எடுத்துச்செல்ல ஒரு செய்தி கிடைத்துவிடும்.

சாதி வேண்டாம் என்ற நிபந்தனைக்கும் ஒரு விலை இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்தாலே உள் புகார்க் குழு வேண்டும் என்கிற 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் சுவரொட்டி எல்லா அலுவலகங்களிலும் மின்தூக்கிப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அந்தச் சட்டம் 1997ல் உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்பிலிருந்து வந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் இருப்பவர் பன்வாரி தேவி. ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தவர், குயவர் சாதியைச் சேர்ந்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் தன் வேலையைச் செய்ததற்காக, 1992ல் ஆதிக்கசாதி ஆண்களால் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பு, வேலைக்குப் போன ஒரு கிராமத்துப் பெண்ணின் உடம்பில் விழுந்த அடியிலிருந்து வந்தது. சாதியை விலக்கிவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. ஆகவே இது சொல்லப்படுவதில்லை.

மேசையில் உட்காருங்கள் என்ற அறிவுரைக்கு வருகிறேன். நம் பக்கத்தில் உட்காருவதற்கு வேறொரு வரலாறு இருக்கிறது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துவந்த விஜி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கி, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் கடைப் பெண்களைத் திரட்டினார். 2018ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021ல் தமிழ்நாடும் திருத்தியது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பது இன்று சட்டம். தன்னம்பிக்கை குறைந்ததால் அந்தப் பெண்கள் நின்றுகொண்டிருக்கவில்லை. உட்கார்ந்தால் முதலாளி திட்டுவார், ஸ்டூலும் இல்லை. கேட்டு, சேர்ந்து போராடி, ஸ்டூலைச் சட்டமாக்கினார்கள். தலைமைப் பண்பு பற்றிய உரைக்கு விஜியைவிடத் தகுதியான ஆளை என்னால் சொல்ல முடியவில்லை. அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம், எங்கள் ஆடியன்ஸுக்குப் பொருந்துமா மேடம் என்ற தயக்கம்தான் பதிலாக வருகிறது.

உரைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் முதல் பட்டதாரியாகச் சிற்றூரிலிருந்து வந்து, ஹாஸ்டலில் தங்கி, கூட்டத்தில் வாய் திறக்கப் பயந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, மேடையில் ஒரு பெண் தயங்காமல் பேசுவதைப் பார்ப்பதே பலம். அந்தப் பலத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அந்தப் பெண் மறுநாள் துணிந்து வாய் திறக்கும்போது எதிரே கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. பேசப் பழக்கிவிட்டு, கேட்கப் பழகாத இடத்துக்கு அவளை அனுப்பினால், தோல்வியும் அவள் கணக்கில்தான் எழுதப்படும். எத்தனையோ பேரை வைத்து ஊக்கப்படுத்தினோமே, உனக்குத்தான் முடியவில்லை என்று ஆகிவிடும்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளைக்கு அந்தக் குறிப்பை எழுதும் நாற்காலியில் உட்காருவீர்கள். குறிப்பை மாற்றுவது உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கும் சிறிய வேலை. தலைப்பைப் பேச்சாளரே முடிவு செய்யட்டும். கட்டணத்தை முதல் தொலைபேசியிலேயே சொல்லுங்கள். மேலாளர்கள் முன்வரிசையில் கடைசிவரை இருப்பார்கள் என்று எழுதிக் கொடுங்கள். காலையில் அரங்கைக் கூட்டித் துடைத்த ஒப்பந்தப் பணிப் பெண்களையும் கூப்பிடுங்கள், அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்று ஒப்பந்ததாரருக்கு எழுத்தில் சொல்லுங்கள். உரை முடிந்ததும் பெண்களைக் கேள்வி கேட்கவிட்டு, பேச்சாளரை அல்ல, நிர்வாகத்தைப் பதில் சொல்ல வையுங்கள்: மகப்பேறு விடுப்பில் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், ஓராண்டு கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள், காப்பகம் எங்கே, ஒரே வேலைக்கு ஒரே சம்பளமா.

இத்தனையையும் எழுதினால் மேலதிகாரி குறிப்பைத் திருப்பி அனுப்பலாம். அனுப்பட்டும். எந்த வரியை அடித்துவிட்டு அனுப்புகிறார் என்று பாருங்கள். அடுத்த ஆண்டு கேட்க வேண்டியது அந்த வரிதான்.