ஏழெட்டு சனிக்கிழமைகள் சுமக்கும் 29 அணிகள்

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு 29 விளையாட்டு அணிகள் உண்டு. எல்லா அணிகளுக்கும் 'வுல்வரின்கள்' என்ற ஒரே பெயர். சோள மஞ்சளும் நீலமும் பொது நிறங்கள். வரவு செலவில் மட்டும் இந்தச் சமத்துவம் இல்லை. அணிகளில் பெரும்பாலானவை தம் செலவுக்குத் தாமே சம்பாதிப்பதில்லை. அவற்றுக்கும் சேர்த்துச் சோறு போடுவது அமெரிக்கக் கால்பந்து அணி. அது சொந்த ஊரில் ஆடுவதோ ஆண்டுக்கு ஏழெட்டு சனிக்கிழமைகள்தான். இந்த ஏற்பாடு வளர்ந்த கதை அங்குள்ள மைதானங்களில் எழுதப்பட்டிருக்கிறது.

மிச்சிகன் கால்பந்து அணி முதல் போட்டியை ஆடியது 1879இல். 1896இல் உருவான 'பிக் டென்' பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பின் தொடக்க உறுப்பினர்களில் இந்தப் பல்கலைக்கழகமும் ஒன்று. அணியின் போக்கை மாற்றியவர் 1901இல் பயிற்சியாளராக வந்த ஃபீல்டிங் யோஸ்ட். அவருடைய முதல் ஆண்டிலேயே அணி 11 போட்டிகளிலும் வென்றது. எடுத்த புள்ளிகள் 550, கொடுத்தது பூஜ்யம். 1902 புத்தாண்டு நாளில் நடந்த முதல் ரோஸ் பவுல் போட்டியில் ஸ்டான்ஃபோர்டை 49–0 என வீழ்த்தியது. தொடர்ந்து 56 போட்டிகளில் தோல்வியே காணாத அணியை, 1905இல் சிகாகோ பல்கலைக்கழகம் 2–0 என்ற கணக்கில் நிறுத்தியது.

வெற்றி கூட்டத்தைக் கொண்டுவந்தது. 1920களில் பழைய ஃபெர்ரி மைதானம் அந்தக் கூட்டத்துக்குப் போதவில்லை. அப்போது விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்த யோஸ்ட், வரிப் பணத்தை நாடாமல் தலா 500 டாலர் மதிப்புள்ள 3,000 கடன் பத்திரங்களை வெளியிட்டார். வட்டி 3 சதவீதம். பத்திரம் வாங்கியவருக்கு நல்ல இடத்தில் டிக்கெட் வாங்கும் உரிமையும் கிடைத்தது. இப்படித் திரட்டிய பணத்தில் எழுந்த மிச்சிகன் ஸ்டேடியம் 1927 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. முக்கால் பங்கு தரைமட்டத்துக்குக் கீழே அமைந்த கிண்ணம் அது. நிலத்தடி நீர் பொங்கிய பூமியில் தோண்டிக் கட்டியதால் வேலை எளிதாக முடியவில்லை. அன்று இருந்த இருக்கைகள் 72,000. ஆனால் பிற்காலத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் அமரும்படி விரிக்க முடிகிற வகையில் யோஸ்ட் அடித்தளத்தைப் போட வைத்திருந்தார்.

கால்பந்து வருமானத்தை அவர் கால்பந்துக்கே செலவழிக்கவில்லை. அணியில் இடம்பெறாத சாதாரண மாணவர்களும் விளையாடுவதற்கான உள்ளரங்கம் 1928இல் எழுந்தது. அந்த நோக்கத்துக்கென்றே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கட்டப்பட்ட ஆரம்பகால அரங்குகளில் அது ஒன்று. புகழ்பெற்ற வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சி அமைத்த கோல்ஃப் மைதானம் 1931இல் வந்தது. ஒரு விளையாட்டு சம்பாதித்து மற்றவை வளரும் முறை இப்படி வேரூன்றியது.

யோஸ்டின் அடித்தளம் பின்னாளில் பயன்பட்டது. 1956இல் ஸ்டேடியத்தின் கொள்ளளவு 1,01,001 ஆனது. கடைசியில் உள்ள அந்த ஒன்று, யோஸ்டுக்குப் பின் இயக்குநரான ஃபிரிட்ஸ் கிறிஸ்லருக்கான இருக்கை என்பது மரபு. அது எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இன்றைய எண்ணிக்கையான 1,07,601இலும் அந்த ஒன்று நீடிக்கிறது. 1975 நவம்பர் 8 தொடங்கி, பெருந்தொற்றுக் காலமான 2020 தவிர, சொந்த ஊர்ப் போட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் ரசிகர்கள் வந்திருக்கிறார்கள். 2013இல் நோட்டர் டேம் அணியுடன் நடந்த இரவுப் போட்டியை 1,15,109 பேர் பார்த்தனர்.

இத்தனை கூட்டம் இருந்தும், எதிரணியை மிரட்டும் இரைச்சல் நெடுங்காலம் அங்கு எழவில்லை. சரிவு குறைந்த கிண்ணம் என்பதால் ஒலி ஆடுகளத்தில் தங்காமல் வானத்துக்குப் போய்விடும். 2010இல் கிழக்கிலும் மேற்கிலும் உயர்ந்த கட்டடங்கள் எழுந்த பிறகு ஒலி உள்ளே திரும்பத் தொடங்கியது. பணக்கார ரசிகர்களுக்கான தனி அறைகளை விற்று வருமானம் ஈட்டவே அவை கட்டப்பட்டன. களத்தில் கிடைத்த ஆதாயம் உபரி.

கால்பந்து விட்டுச் சென்ற பழைய ஃபெர்ரி மைதானத்தின் மிகப் பெரிய நாள் எதிரணி வீரருக்குச் சொந்தம். 1935 மே 25 அன்று, பிக் டென் தடகளப் போட்டியில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜெஸ்ஸி ஓவன்ஸ் முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலக சாதனைகளைப் படைத்து, இன்னொன்றைச் சமன் செய்தார். அதுவும் முதுகு வலியோடு. அன்று அவர் தாண்டிய 8.13 மீட்டர் நீளத்தை 25 ஆண்டுகள் யாராலும் மிஞ்ச முடியவில்லை.

1923இல் கட்டிய யோஸ்ட் உள்ளரங்கம், அரை நூற்றாண்டுக்குப் பின் 1973இல் ஐஸ் ஹாக்கி அரங்காக மாறியது. ஒலி வெளியே போய்விடும் ஸ்டேடியத்தின் குறை இங்கே இல்லை. சில ஆயிரம் பேரே அமரும் செங்கல் கட்டடம். ஆடுகளத்தை ஒட்டியே ரசிகர்கள். எழும் சத்தம் முழுவதும் கூரைக்குள்ளேயே சுழலும். இங்கு ஆடும் அணி ஐஸ் ஹாக்கியில் ஒன்பது தேசியப் பட்டங்களை வென்றிருக்கிறது. அவற்றில் முதலாவது 1948இல் கிடைத்தது.

கூடைப்பந்துக்கு 1967இல் திறந்த கிறிஸ்லர் அரங்கம் இருக்கிறது. 1989இல் ஆண்கள் அணி கூடுதல் நேரத்தில் சீட்டன் ஹால் அணியை 80–79 என வென்று தேசியப் பட்டம் பெற்றது. 1991இல் சேர்ந்த ஐந்து முதலாண்டு மாணவர்கள், 'ஃபேப் ஃபைவ்' என்ற பெயரில், அடுத்தடுத்து இரண்டு இறுதிப் போட்டிகளுக்கு அணியைக் கொண்டுபோனார்கள். பின்னர் வீரர்களுக்கு வெளியாள் ஒருவர் பணம் கொடுத்த விவகாரம் வெளிவந்தது. 2002இல் பல்கலைக்கழகம் தானே அந்த வெற்றிகளை ரத்து செய்து, அரங்கில் தொங்கிய பதாகைகளையும் இறக்கியது.

பெண்கள் வெகுகாலம் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றார்கள். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் 'டைட்டில் நைன்' சட்டம் 1972இல் வந்த பிறகே, 1973–74இல் ஆறு பெண்கள் அணிகள் உருவாயின. 2001இல் ஹாக்கி அணி தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பட்டத்தை வென்றது. மிச்சிகன் பெண்கள் அணி ஒன்றுக்கு அந்தப் பட்டம் அதுவே முதல் முறை. 2005இல் கேரல் ஹட்சின்ஸ் பயிற்றுவித்த சாஃப்ட்பால் அணி, மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே உள்ள பல்கலைக்கழகங்களில் சாஃப்ட்பாலில் அந்தச் சங்கத்தின் பட்டத்தை வென்ற முதல் அணியானது. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி 2021இல் சாம்பியன்.

கால்பந்தை நம்பிய ஏற்பாட்டின் பலவீனம் 2020இல் வெளிப்பட்டது. கேலரிகள் காலியானதும், அதே பிக் டென் கூட்டமைப்பின் அயோவா பல்கலைக்கழகம் அணிகளைக் குறைப்பதாக அறிவித்தது. ஸ்டான்ஃபோர்ட் 11 அணிகளைக் கலைப்பதாகச் சொல்லி, மறு ஆண்டு அந்த முடிவைக் கைவிட்டது. மிச்சிகன் எந்த அணியையும் கலைக்கவில்லை.

கால்பந்து அணியும் மீண்டும் உச்சிக்கு வந்தது. 2023 பருவத்தில், ஆயிரம் வெற்றிகளைத் தொட்ட முதல் கல்லூரி அணி என்ற பெருமையைப் பெற்று, 15 போட்டிகளிலும் வென்று, 2024 ஜனவரி 8 அன்று வாஷிங்டனை 34–13 என வீழ்த்தித் தேசியப் பட்டம் வென்றது. எதிரணிகளின் சைகைகளை விதிமீறி உளவு பார்த்த புகாரில் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா மூன்று போட்டிகளுக்கு விலக்கப்பட்டதும் அதே பருவத்தில்தான்.

2025 ஜூலை முதல் கணக்கே மாறியது. நீதிமன்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். பெரிய பல்கலைக்கழகங்களில் இதன் பெரும்பங்கு கால்பந்து வீரர்களுக்கே போகிறது. யோஸ்ட் காலம் முதல் கோல்ஃப், நீச்சல், மல்யுத்தம் ஆகியவற்றுக்குப் பாய்ந்த உபரியில் ஒரு பகுதி, இனி அதை ஈட்டுபவர்களிடமே தங்கும். மற்ற அணிகளுக்கு வேறு வருவாய் தேட வேண்டிய கட்டாயம், நிறைந்து வழியும் ஸ்டேடியம் வைத்திருக்கும் மிச்சிகனுக்கும் வந்துவிட்டது.