மூன்று ஆடும் ஒரு சால்வையும்

மாரமங்கலத்துக் குளிருக்குப் பஷ்மினா தேவையே இல்லை. மார்கழி விடியலில் காப்பித் தோட்டப் பனிக்குள் நடப்பதற்கு ஒரு முரட்டுக் கம்பளியும் காதுக்கு ஒரு மஃப்ளரும் தாராளம். ஆக, சேர்வராயன் மலையில் இருந்துகொண்டு பஷ்மினா வாங்குகிறவர் ஆசைக்குத்தான் வாங்குகிறார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் குளிருக்கு வாங்குகிறவர் கிடைத்ததை வாங்கிப் போர்த்திக்கொள்ளலாம். ஆசைக்கு வாங்குகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்த ஆடு, யார் கை என்று அவர் கேட்டே ஆகவேண்டும்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலம் 4,000 மீட்டருக்கும் மேலே. அங்கே சாங்பா இடையர்கள் மேய்க்கும் ஆடுகளுக்கு, மைனஸ் 30 டிகிரி வரை போகும் குளிரில், முரட்டு முடிக்கு அடியில் மென்ரோமம் ஒன்று வளர்கிறது. தடிமன் 12 முதல் 15 மைக்ரான்தான். வெயில் திரும்பும்போது அது தானாகவே உதிர ஆரம்பிக்கும். அப்போது சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டிலிருந்து ஏறக்குறைய கால் கிலோ வரும். அதில் முரட்டு முடியைக் கழித்தால் பாதிகூடத் தேறாது. ஒரு முழுச் சால்வைக்கு மூன்று ஆடுகளாவது வேண்டும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால், “அக்கா, ஒரிஜினல் பஷ்மினா, ஐந்நூறுதான்” என்ற குரலுக்கு நின்று பதில் சொல்ல வேண்டியிராது.

எனக்கு இந்தத் துணியின் உயிர் நெசவில்கூட இல்லை, நூற்பில்தான் இருக்கிறது. ஸ்ரீநகரில் பெண்கள் ரோமத்தை அரிசிமாவில் புரட்டி அழுக்கும் பிசுக்கும் போக்கி, யெந்தர் என்னும் ராட்டையில் நூற்கிறார்கள். அவ்வளவு மெல்லிய இழை கையின் இழுப்புக்கு மட்டும்தான் இசைந்து கொடுக்கும். இயந்திரத்தில் ஓட்டினால் அறுந்துபோகும். அதனால் நைலானைக் கலந்து நூற்று, நெய்து முடித்தபின் அமிலத்தில் நைலானைக் கரைத்துவிடும் வழக்கம் வந்தது. துணி மிஞ்சுகிறது, அதன் பலம் போய்விடுகிறது. நூற்பவருக்கு முடிச்சுக் கணக்கில் கூலி. அது கட்டாமல் பல பெண்கள் ராட்டையை ஓரங்கட்டிவிட்டார்கள். கைநூல் சால்வைக்குக் கொடுக்கும் கூடுதல் விலை அவர்களை யெந்தர் முன் உட்காரவைக்கும் விலை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நல்ல சால்வையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை ஓரிடத்தில் சற்றுப் பருத்து, இன்னோரிடத்தில் மெலிந்து ஓடும். அந்தச் சின்னச் சீரின்மைதான் கையின் கையெழுத்து. சஷ்ம்-இ-புல்புல் என்று ஒரு நெசவு உண்டு: பொடிப்பொடி வைரக் கட்டங்கள், துணியைச் சாய்த்தால்தான் கண்ணில் படும். சாயமேறாத வெள்ளை, பழுப்பு, சாம்பல் நிறங்களில் அதைப் பார்த்தபின் பளபளப்புச் சிவப்புகள் மேல் எனக்கு மோகம் குறைந்துவிட்டது. ஊசிவேலை அழகுதான், ஆனால் மட்டமான துணியை மறைக்கவும் அதே ஊசிவேலை உதவுகிறது. முதல் சால்வை வெறுந்துணியாகவே இருக்கட்டும்.

தொட்டதும் வெண்ணெயாய் வழுக்கினால் கொஞ்சம் சந்தேகப்படலாம். மென்மையூட்டி போட்ட துணி கடையில் கொஞ்சும், சீக்கிரமே உருண்டை உருண்டையாய்ப் பிசிறு கட்டும். மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டும் வித்தை எதையும் நிரூபிக்காது, மெல்லிய விஸ்கோஸும் நுழையும். குஞ்சத்திலிருந்து ஓர் இழையை எரித்துப் பார்க்கலாம்: முடி கருகும் வாசமும் பொடியாகும் சாம்பலும் என்றால் அது ரோமம், கட்டியாய் உருகினால் செயற்கை இழை. செம்மறிக் கம்பளியும் அப்படித்தான் எரியும் என்பதால் அந்தச் சோதனையும் பாதிவழிதான்.

இங்கிருந்து வாங்குகிறவர்களுக்குக் கைகொடுப்பது முத்திரை. காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 16 மைக்ரானுக்கு உட்பட்ட தூய ரோமம், கைநூற்பு, கைநெசவு ஆகியவற்றை ஸ்ரீநகர் ஆய்வுக்கூடத்தில் சோதித்த பின்னரே தனி எண்ணுடன் அந்த முத்திரை ஒட்டப்படுகிறது. எண்ணைச் சரிபார்க்கத் தயங்கும் வியாபாரியிடம் பேரம் பேசுவது வீண்.

“இதைவிட மெல்லிசா ஒண்ணு இருக்கு” என்று யாராவது குரலைத் தாழ்த்தினால் எழுந்து வந்துவிடுங்கள். அது ஷாதூஷ். சிரு என்னும் திபெத்திய மானைக் கொன்றுதான் அந்த ரோமத்தை எடுக்க முடியும். விற்பதும் வாங்குவதும் குற்றம்.

பெருங்கடைகளில் மலிவாக அடுக்கியிருக்கும் ‘கேஷ்மியர்’ ஸ்வெட்டர்களில் பெரும்பகுதி சீன, மங்கோலிய ரோமம். அதில் கொலை இல்லை, ஆனால் மேய்ச்சல் நிலத்தின் மேல் பாரம் இருக்கிறது. 1990 வாக்கில் மங்கோலியாவில் சுமார் 50 லட்சமாக இருந்த ஆடுகள் முப்பது ஆண்டுகளுக்குள் இரண்டு கோடியைத் தாண்டிவிட்டன. வெள்ளாடு வேர் தெரிய மேயும் பிராணி என்பதை நம் இடையர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வருடம் ஒன்று வாங்கி வருடம் ஒன்று கழிக்கும் பழக்கம் அந்தப் புல்வெளியில்தான் போய் முடிகிறது.

மலைவீட்டில் மழைக்காலம் முழுக்க ஈரம். சால்வையைக் குளிர்ந்த நீரில் மென்சோப்பு போட்டு அலசி, பிழியாமல் நிழலில் பரப்பிக் காயவைத்து, மடித்து, நடுவே காய்ந்த வேப்பிலை வையுங்கள். வெயில் வந்த நாளில் எடுத்து உதறுங்கள், பூச்சிக்கு இருட்டுப் பெட்டிதான் பிடிக்கும். அப்படியும் ஓட்டை விழுந்தால் ரஃபுகர்கள் இருக்கிறார்கள். அதே இழையால் ஊடும் பாவும் கோத்து, இடம் தெரியாமல் அடைத்துவிடுவார்கள். வாங்கும்போதே “கிழிஞ்சா யார் தைச்சுத் தருவாங்க?” என்று கேட்டுவிடுவேன். புதுசு வாங்கிக்கலாம் மேடம் என்று சிரிக்கும் கடையில் நான் இதுவரை எதுவும் வாங்கியதில்லை.