அரண்மனை மொழியும் மண்டி மொழியும்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை லாரியிலிருந்து இறங்கும் நேரத்தில் காதில் விழுவது பெரும்பாலும் ஒரே மொழிதான். மண்டிக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுபவராக இருக்கலாம். தள்ளுவண்டிக்குச் சரக்கெடுக்க வந்தவரின் தாயார் உருது பேசுபவராக இருக்கலாம். வெளியே பாசிமணி விரித்திருக்கும் நரிக்குறவர் பெண் தன் பிள்ளையை வாக்ரிபோலியில் அதட்டிக்கொண்டிருக்கலாம். விலை என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் தமிழ். காலங்காலமாக அப்படித்தானே என்று தோன்றும். ஆனால் இந்த ஊரை நெடுங்காலம் ஆண்டவர்களின் மொழி தமிழாக இருந்ததில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்களின் தலைநகரம் திருச்சிக்கு வந்தது. இன்று அருங்காட்சியகமாக இருக்கும் ராணி மங்கம்மாள் தர்பார் மண்டபத்தில் கவிஞர்கள் பாடியது தெலுங்கில். அவளுடைய பேரன் விஜயரங்க சொக்கநாதர் ஸ்ரீரங்கம் கோயிலில் குடும்பத்தோடு சிலையாகக் கைகூப்பி நிற்கிறார். அவர் பெயரில் தெலுங்கு நூல்கள் உண்டு. 1736இல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. பின்னர் வந்த ஆற்காட்டு நவாபுகளின் அலுவல் மொழி பாரசீகம். நவாப் முகமது அலி வாலாஜாவின் உடல் நத்தர்வலி தர்காவில்தான் அடங்கியிருக்கிறது. இப்படி அடுத்தடுத்து இரண்டு அரண்மனை மொழிகள் வந்தும் சந்தை தமிழிலேயே பேரம் பேசியது. சிம்மாசனம் ஏறிய மொழி ஜெயிக்கும் என்ற பொதுவான நம்பிக்கைக்குத் திருச்சி ஒத்துவரவில்லை.

அந்த நம்பிக்கைக்கு உலகம் எப்போதும் சுட்டும் உதாரணம் அயர்லாந்து. ஆங்கிலேயர் ஆண்டார்கள், அதனால் ஐரிஷ் அழிந்தது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். தேதிகளை வரிசைப்படுத்தினால் கதை அவ்வளவு எளிதாக இல்லை. ஐரிஷ் பேசுவதற்கு எதிரான கில்கென்னிச் சட்டம் 1366இல் வந்தது. அதற்குப் பிறகும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த மொழி கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் லட்சக்கணக்கான வாய்களில் வாழ்ந்தது. சரிவு வேகம் பிடித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தன. 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள்; அதற்குக் குறையாமல் கப்பலேறினார்கள். செத்தவர்களிலும் போனவர்களிலும் ஐரிஷ் பேசும் மேற்குக்கரை ஏழைகள் மிகுதி. மீந்தவர்களுக்கு நியூயார்க், பாஸ்டன் போய்ச் சேர ஆங்கிலம் தேவைப்பட்டது. பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, ஐரிஷில் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டுப் போட்டு, மாலையில் வெட்டுகளை எண்ணி அடிக்கும் வழக்கம் இருந்தது. அதைச் செய்தது வாத்தியார் மட்டுமில்லை, பெற்றோரும் உடந்தை. ஐரிஷைத் தாய்மொழியாகக் கொண்ட தலைவர் டேனியல் ஓகானலே அது வழக்கொழிவது பற்றித் தனக்குப் பெரிய வருத்தமில்லை என்றார்.

அந்தப் பெற்றோரை நாம் பழிக்க முடியாது. தமிழில் பேசினால் அபராதம் என்ற விதியுள்ள பள்ளியில் சீட்டுக் கிடைக்க விடியற்காலையில் வரிசையில் நின்றவர்கள் நம் ஊரிலும் உண்டு.

இங்கே ஒரு சிறு விலகல். ஐரிஷ் தேய்ந்துகொண்டிருந்த அந்த நூற்றாண்டில்தான் அயர்லாந்தில் பிறந்தவர்கள் நம் மொழிகளைக் கணக்கெடுக்க வந்தார்கள். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், ஸ்காட்லாந்துக்காரப் பெற்றோருக்கு ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்தவர். 1862இல் சென்னைக்கு வந்த சட்ட அறிஞர் விட்லி ஸ்டோக்ஸ், இந்தியாவில் அதிகாரியாக இருந்துகொண்டே பழைய ஐரிஷ் ஏடுகளைப் பதிப்பித்தார். இந்திய மொழிக் கணக்கெடுப்பை நடத்திய கிரியர்சன் டப்ளின் அருகே 1851இல் பிறந்தவர். அயர்லாந்து மக்கள்தொகைக் கணக்கில் மொழி பற்றி முதன்முதலாகக் கேட்ட ஆண்டும் அதுதான். அவருடைய மாபெரும் ஆய்வின் எல்லைக்குள் சென்னை மாகாணம் வரவில்லை என்பது நமக்கு நேர்ந்த இழப்பு.

திருச்சிக்கு வருவோம். தெலுங்கும் பாரசீகமும் செய்யாததை, தமிழ் இருந்த இடங்களில் நுழைவதை, ஆங்கிலம் எப்படிச் செய்தது? அவை ஆண்டன; கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு ஏறிப்போக ஒரு படிக்கட்டு வைக்கவில்லை. ஆங்கிலம் வைத்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. நாகப்பட்டினத்தில் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி 1883இல் திருச்சிக்கு மாறியது. தேர்வு, பட்டம், குமாஸ்தா வேலை என்று அடுத்தடுத்த படிகள். பிறகு பொன்மலை ரயில்வே பணிமனை, சுதந்திரத்துக்குப் பின் பெல் தொழிற்சாலை, இப்போது சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆளேற்றும் விமான நிலையம். அயர்லாந்துக்காரனுக்குப் பாஸ்டன் கப்பல் எதுவோ நம் பையனுக்கு இந்த விமானம் அது. வேடிக்கை என்னவென்றால், பொன்மலையில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகவே பேசிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பல ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. பேசியவர்கள் போன பிறகுதான் அந்த மொழி ஊருக்குள் இன்னும் ஆழமாக இறங்கியது.

இதை வைத்து, தமிழும் ஐரிஷ் மாதிரி ஆகிவிடும் என்று மேடைகளில் எச்சரிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2011 கணக்குப்படி இந்தியாவில் மட்டும் தமிழ் பேசுவோர் 6.9 கோடி. தமிழ் இழப்பது தளங்களை: உயர் நீதிமன்ற வாதம், மருத்துவப் படிப்பு, வங்கிப் பத்திரம், இப்போது பாலர் வகுப்பும். மண்டியில் பேரம் தமிழில் நடக்கும். சரக்குக்கான பில் ஆங்கிலத்தில் அடித்து வரும். இது கவலைப்பட வேண்டிய நிலைதான். ஆனால் ஐரிஷுக்கு நேர்ந்தது வேறு. அதற்கு இணை தேட வேண்டிய இடம், தமிழ் பேசும் பெரும்பான்மை திரும்பிப் பார்க்காத பக்கம்.

சௌராஷ்டிரத்தை எடுத்துக்கொள்ளலாம். மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம், தஞ்சை அருகே அய்யம்பேட்டை என நெசவு இருந்த பல ஊர்களில் பேசப்படும் இந்தோ ஆரிய மொழி. 2011 கணக்கெடுப்பில் 2,47,702 பேர் அதைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொ. மு. ராமராய் அதற்கான எழுத்தைச் சீர்செய்து பாடநூல்கள் அச்சிட்டார். 2008இல் அந்த எழுத்து யூனிகோடிலும் ஏறியது. ஆனால் சொந்த எழுத்தா, தேவநாகரியா, தமிழ் எழுத்தா என்ற வழக்கு அந்தச் சமூகத்துக்குள் இன்னும் ஓயவில்லை. வழக்கு நடக்கும்போதே பேரப்பிள்ளைகள் தமிழுக்கு மாறிவிட்டார்கள். அந்த மண்ணில் பிறந்த பெருந்திறமைகள் எங்கே போயின? டி. எம். சௌந்தரராஜன் தமிழில் பாடினார். கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்வை ‘வேள்வித் தீ’ என்று தமிழ் நாவலாக எழுதினார். 1993இல் அவருக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்ததும் தமிழ் நாவலுக்குத்தான். யேட்ஸும் ஜாய்ஸும் ஆங்கிலத்தில் எழுதி அயர்லாந்துக்குப் புகழ் சேர்த்ததுபோலத்தான் இதுவும். நமக்கு லாபம், அதனால் இதை நாம் இழப்பாகவே எண்ணுவதில்லை. ஐரிஷுக்கு ஆங்கிலம் எப்படியோ, சௌராஷ்டிரத்துக்குத் தமிழ் அப்படி.

தெலுங்கின் நிலை சற்று வேறு. எல்லைக்கு அப்பால் அதற்கு மாநிலங்கள் இருக்கின்றன. இங்கே கிராமத்து வீடுகளில் பெரும்பாலும் எழுத்தறியாத பேச்சாக நிற்கிறது. திருவையாறு உற்சவத்தில் தியாகராஜரைப் பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த மொழி பேச வரும் என்று கேட்டுவிடக் கூடாது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கியபோது, சிறுபான்மை மொழிப் பள்ளிகள் நீதிமன்றம் போயின. சட்டத்தின் நோக்கம் எனக்குப் புரிகிறது. அவர்களுடைய அச்சமும் புரிகிறது.

திருச்சிக்கு மிக அருகில், தஞ்சை சாலையில் தேவராயநேரியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. அவர்களுடைய வாக்ரிபோலி பற்றி சீனிவாச வர்மா 1970இல் எழுதிய ஆய்வு நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பாசிமணி விற்கும் இடத்தில் இந்த மொழிக்கு ஒரு பயன் உண்டு: வாங்க வந்தவர் எதிரிலேயே, எவ்வளவுக்கு விடலாம் என்று கணவனும் மனைவியும் கலந்துகொள்ளலாம். ஊர் இவர்களைத் தள்ளிவைத்ததுதான் மொழியைக் காத்தது என்று சொல்ல நாக்கூசுகிறது, ஆனாலும் உண்மை. ஐரிஷும் அப்படித்தான், யாருக்கும் வேண்டாத கனமாரா, டோனகால் பாறை நிலங்களில் தங்கியது.

சுதந்திர அயர்லாந்து 1922 முதல் ஐரிஷைத் தேசிய மொழியாக்கிப் பள்ளியில் கட்டாயமும் ஆக்கியது. நூறாண்டு கழித்து, 2022 கணக்கெடுப்பில், பேசத் தெரியும் என்றவர்கள் 18 லட்சத்துக்கு மேல். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968. பள்ளி மொழியைக் கற்பித்துவிடும். கடையில் அதற்கு வேலை கொடுக்க அதனால் முடியவில்லை. நகரங்களில் பெற்றோர் தாமாக விரும்பித் தேடும் ஐரிஷ் வழிப் பள்ளிகளும், 1996இல் தொடங்கிய ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியும் கொஞ்சம் நம்பிக்கை தருகின்றன.

வாக்ரிபோலிக்கு அந்த அளவுகூட இல்லை. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நெடுநாள் கோரிக்கை, கிடைத்தது நல்லது. சாதிச் சான்றிதழோடு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு 1968 முதல் இந்த மாநிலம் வைத்திருக்கும் கொள்கை தமிழ், ஆங்கிலம் என்ற இரண்டு. மூன்றாவது மொழி வேண்டுமா வேண்டாமா என்று இப்போதும் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டை பெரும்பாலும் இந்தியைச் சுற்றியே நடக்கிறது. தேவராயநேரிப் பிள்ளை முதல் நாளே மூன்று மொழிகளோடுதான் வகுப்பில் உட்கார்கிறது. அதன் வீட்டுமொழி எந்தத் தரப்பின் கணக்கிலும் இல்லை.