கல்லும் கட்டளையும்: சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கின் நினைவுச்சின்னங்கள் பற்றிய ஒரு நோக்கு

ருஷ்ய இலக்கியத்தைத் தமிழிற் பயின்ற எம்மிற் பலருக்குச் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் புதிய ஊரன்று. மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அனுப்பிய மலிவு விலை நூல்களின் வழியே அதன் வெண்ணிற இரவுகளையும், ஈரம் ஊறிய மாடிப்படிகளையும், கடன்பட்டு அலையும் எழுதுவினைஞரையும் நாம் அறிந்துள்ளோம். ஆயினும் அந்நூல்களை வாசித்த நாம் நகரத்தைக் கதைமாந்தரின் துன்பத்துக்குப் பின்திரையாகவே கண்டு பழகிவிட்டோம். அத்திரையையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளின், அதன் கட்டடங்களும் சிலைகளும் தமக்குள் ஒரு வழக்கை நடத்திக்கொண்டிருப்பது புலனாகும். ஆட்சி கல்லிலே எதனைப் பொறிக்க விரும்பிற்று, பின்வந்தோர் அக்கல்லை எவ்வாறு வாசித்தனர் என்னும் இரண்டுக்கும் இடையே முந்நூறு ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் வழக்கு அது.

இந்நகரின் கட்டடக்கலை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுவர். முதல் வழி சுற்றுலாக் கைந்நூல்களின் வழி. அரண்மனைகளின் நீளத்தையும் தூண்களின் தொகையையும் கூறி வியந்து நிற்பது அது. இரண்டாவது வழி எமது பல்கலைக்கழக வட்டாரங்களில் ஒருகாலத்திற் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தது. மாளிகையைக் கண்டவுடன் 'ஆளும் வர்க்கத்தின் ஆடம்பரம்' என்று ஒரு முத்திரையைக் குத்திவிட்டு அப்பாற் செல்வது அதன் இயல்பு. முன்னையது உழைப்பை மறக்கிறது. பின்னையது, எழுப்பியவனின் நோக்கத்தோடு ஒரு சின்னத்தின் பொருள் முடிந்துவிடுகிறது என்று நம்புகிறது. இரண்டாவது பிழையே எமக்கு நெருக்கமானது. ஆதலின் அதுவே கூடுதலான கவனத்துக்குரியது.

பெருநகரங்கள் பொதுவாக வாணிகத்தாலோ வழிபாட்டாலோ படிப்படியாக வளர்வன. இந்நகரம் கட்டளையாற் பிறந்தது. 1703இல் சுவீடனுடனான போரின் நடுவே, நெவா ஆற்றின் கழிமுகத்துச் சதுப்புத் தீவொன்றிலே முதலாம் பீற்றர் கோட்டையொன்றுக்கு அடியிட்டான். 1712இல் தலைநகர் இங்கு மாற்றப்பட்டது. 1714இல் ருஷ்யாவின் ஏனைய பகுதிகள் எங்கணும் கல்லாற் கட்டடம் எழுப்புதலைத் தடைசெய்யும் ஆணை பிறந்தது. நாடு முழுவதிலுமுள்ள கொத்தர்கள் வேறு வேலையின்றி இங்கு வந்தேயாக வேண்டும் என்பதே அதன் உட்பொருள். நகருக்குள் வரும் கப்பல்களும் வண்டிகளும் குறிப்பிட்ட அளவு கல்லை வரியாகக் கொண்டுவருதல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. கட்டாய உழைப்புக்கு ஆண்டுதோறும் பல்லாயிரம் குடியானவர் அழைக்கப்பட்டனர். இறந்தோர் தொகை பற்றி வழங்கும் இலட்சக் கணக்குகளை ஆய்வாளர் ஐயுறுகின்றனர். கட்டாயத்தை ஐயுறுவார் எவருமிலர். திரெசினியின் கோட்டைத் தேவாலயக் கோபுரமும், பின்னர் ரஸ்ட்ரெல்லி எழுப்பிய குளிர்கால அரண்மனையும், ரொஸ்ஸியின் சதுக்கங்களும் இந்த அடித்தளத்தின்மீதே நிற்கின்றன.

கட்டளை தன்னைத் தானே கொண்டாடிய இடம் 'வெண்கலக் குதிரைவீரன்' எனப் பெயர்பெற்ற பீற்றரின் சிலை. பிரெஞ்சுச் சிற்பி பல்கொனே வடித்த இச்சிலை 1782இலே திறந்துவைக்கப்பட்டது. தலைப்பகுதியை அமைத்தவர் அவரது மாணவி மரீ ஆன் கொலோ. இதனை எழுப்பிய இரண்டாம் கதரீன் ஜேர்மானிய இளவரசி. 1762இற் கணவனை வீழ்த்தி அரியணையேறிய அவளுக்குப் பீற்றரின் குருதி உரிமை ஏதுமில்லை. எனவே பீடத்தின் ஒருபுறம் லத்தீனிலும் மறுபுறம் ருஷ்யத்திலும், முதலாம் பீற்றருக்கு இரண்டாம் கதரீன் அளித்தது என்னும் பொருள்பட நான்கே சொற்களும் ஆண்டும் பொறிக்கப்பட்டன. முதலாம், இரண்டாம் என்ற எண்களே இங்கு வமிசாவளியாகி விடுகின்றன. குதிரைமீது பீற்றர் இருப்பினும் அச்சிலை பேசுவது கதரீனைப் பற்றியே எனலாம்.

சிலையினும் அதன் பீடம் கூர்ந்து நோக்கத்தக்கது. 'இடிக்கல்' எனப்பட்ட அந்தப் பாறை நகருக்கு வெளியே லாக்தாவிலே சதுப்பிற் புதைந்து கிடந்தது. அதனைச் சுட்டிக்காட்டியவன் விஷ்னியாக்கொவ் என்னும் குடியானவன். ஏறத்தாழ 1,500 தொன் எடையுள்ள அக்கல்லை, பள்ளமிட்ட மரத்தண்டவாளங்களிலே வெண்கலக் குண்டுகளை இட்டு, நானூறு பேர் சுழற்பொறிகளால் இழுத்துக் கடற்கரைவரை ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நகர்த்தினர். நிலம் உறைந்திருந்தாலன்றிப் பாரம் தாங்காதாகையால் வேலை பனிக்காலத்தில் நடந்தது. கல் நகர்ந்துகொண்டிருக்கையிலேயே அதன்மீது ஏறிநின்று கற்றச்சர் அதனைச் செதுக்கினர். 1770 சனவரியில் அரசி நேரே வந்து பார்வையிட்டாள். அதனை நினைவுகூரப் பதக்கமும் வார்க்கப்பட்டது. சிலைக்கு முன்னரே கல்லின் பயணம் ஒரு வெற்றி விழாவாகிவிட்டது. பத்தினிக்குக் கல்லெடுக்கச் சென்ற செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கனக விசயரின் முடிமேல் ஏற்றிக் கொணர்ந்தான் என்னும் வஞ்சிக் காண்டச் செய்தி இங்கு நினைவுக்கு வருகிறது. சுமக்கச் செய்தல் சுமையினும் பெரிய செய்தியாகும் என்பதை இளங்கோ அறிந்திருந்தார். கல் கரைசேர்ந்த பின்னரும் பல்கொனே அதனை மேலும் குறைத்துச் செதுக்கினான். சிலை திறக்கப்படுமுன்பே, 1778இல், அவன் மனக்கசப்புடன் நகரைவிட்டு நீங்கினான்.

இச்சிலைக்கு இன்று வழங்கும் பெயரை இட்டவர் அரசியல்லள்; ஒரு கவிஞர். 1824ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைக் களமாகக்கொண்டு புஷ்கின் 1833இல் எழுதிய நெடுங்கவிதையில், காதலியை வெள்ளத்துக்குப் பறிகொடுத்த எளிய எழுதுவினைஞன் ஒருவன், சதுப்பிலே நகரெடுத்தவன் இவனன்றோ எனச் சிலையை நோக்கிக் கையோங்குகிறான். வெண்கலக் குதிரை அவனை இரவெல்லாம் துரத்துகிறது. முதலாம் நிக்கொலஸ் தானே தணிக்கையாளனாய் இருந்து குறியிட்டுத் திருப்பிய அக்கவிதை புஷ்கினின் வாழ்நாளில் முழுமையாக அச்சேறவில்லை. கவிதை சிலையைப் பழிக்கவுமில்லை, வணங்கவுமில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அதன் முகப்பிலே நகரின் அழகுக்குப் புஷ்கின் பாடிய வாழ்த்து மெய்யானது. எழுதுவினைஞனின் பித்தும் மெய்யானது. முத்திரை குத்தும் விமர்சனத்துக்கு இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கும் வலு இல்லை. அக்கவிதைக்குப் பின்னர் எவராலும் அச்சிலையைக் கதரீனின் கண்ணால் மட்டும் பார்க்க முடியவில்லை. சின்னத்தின் பொருள் எழுப்பியவன் கையைவிட்டு நழுவும் முதற் சான்று இது.

கசான் பேராலயமும் அவ்வாறே நழுவிற்று. 1801 முதல் 1811 வரை இதனைக் கட்டிய வொரனீக்கின், ஸ்ற்றொகனொவ் பிரபு குடும்பத்தின் பண்ணையடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர். உரோமின் இராயப்பர் பேராலயத்தைப்போல் வளைந்த தூண்வரிசை ஒன்று வேண்டும் என்பது அரச விருப்பம். அத்தூண்வரிசை அணைத்துநின்ற திறந்தவெளியிலேதான் 1876 டிசெம்பரில் மாணவரும் தொழிலாளரும் கூடிச் செங்கொடி உயர்த்த, இளைஞரான பிளெக்கானொவ் உரையாற்றினார். 1932இல் இதே கட்டடம் மத வரலாற்றினதும் நாத்திகத்தினதும் அருங்காட்சியகமாயிற்று. சோவியத் ஆட்சி வீழ்ந்தபின் மீண்டும் பேராலயமாயிற்று. ஐசக் பேராலயத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மொன்பெரான் 1818 முதல் 1858 வரை நாற்பது ஆண்டுகள் கட்டிய அது பாரத்தால் மலைக்கவைப்பது, மனத்தைத் தொடுவதன்று. அதன் குவிமாடத்துக்குப் பாதரசங் கலந்து பொன்பூசிய தொழிலாளர் பலர் நச்சாவியால் இறந்தனர் என்பதை மட்டும் பொன்னைப் பார்க்கும்போது மறவாதிருத்தல் நன்று.

எனது கருத்தில் இந்நகரின் வரலாற்றை மிகச் சுருக்கமாகக் கூறும் சின்னம், அழகிலே முதலிடம் பெறாத ஒன்றாகும். மூன்றாம் அலெக்சாந்தரின் குதிரைச் சிலை 1909இலே நிக்கொலாய் புகையிரத நிலையத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் நிறுவப்பட்டது. சிற்பி பவோலோ துருபெற்ஸ்கோய். தடித்த உடலர் ஒருவர், அசைய மறுத்துத் தலைதாழ்த்தி நிற்கும் தடித்த குதிரைமீது அமர்ந்திருக்கிறார். பீற்றரின் குதிரை பாய்கிறது. இக்குதிரையோ கால்களை ஊன்றி நின்றுவிட்டது. நூற்றிருபத்தேழு ஆண்டுகளில் ஒரு முடியாட்சி கடந்த தூரத்தை இவ்விரு குதிரைகளைக்கொண்டு அளந்துவிடலாம். மக்கள் அதனை அலுமாரிமேல் ஏறிய நீர்யானை என்று கேலிசெய்தனர். தந்தைக்கு மகன் எடுத்த சிலை, தந்தையின் ஆட்சிக்கு ஒரு கண்டனமாகவே அமைந்துபோயிற்று.

புரட்சி வந்தது. போல்ஷெவிக்குகள் இச்சிலையை உடைக்கவில்லை. தெமியான் பெத்னியின் ஏளனக் கவிதையொன்றைப் பீடத்திற் பொறித்து, பொம்மைப் பூச்சாண்டியாக அதனை நிற்கவிட்டனர். 1927இல், புரட்சியின் பத்தாவது ஆண்டுவிழாவில், சிலையைச் சுற்றி இரும்புக் கூண்டமைத்தனர். சார் ஆட்சியின் பெருமையைப் பேச எழுந்த சிலை ஒரு மாற்றமுமின்றி அதன் இழிவைப் பேசலாயிற்று. மாறியது அடியிலிருந்த எழுத்து மாத்திரமே. 1937இல் அது பெயர்த்தெடுக்கப்பட்டு அருங்காட்சியகத்துள் அடைக்கப்பட்டது. ஏளனத்துக்குக்கூட இடங்கொடாத காலமாக அது மாறிவிட்டிருந்தது என்பதை அந்த ஆண்டே உணர்த்தும்.

கதை அத்துடன் நிற்கவில்லை. நெவாக் கரையிலுள்ள சலவைக்கல் மாளிகை 1937இலிருந்து லெனின் அருங்காட்சியகமாக விளங்கிற்று. 1917இல் லெனின் ஏறிநின்று பேசியதாகப் போற்றப்பட்ட கவச வாகனம் அதன் முற்றத்தில் நின்றது. 1992இலே வாகனம் அகற்றப்பட்டு வேறோர் அருங்காட்சியகத்துக்குச் சென்றது; 1994இல் அதே இடத்துக்கு மூன்றாம் அலெக்சாந்தர் குதிரையுடன் வந்துசேர்ந்தார். 1991ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் நகரம் லெனின்கிராட் என்ற பெயரைக் களைந்து பழைய பெயரை எடுத்துக்கொண்டமைக்கு இதனினும் பொருத்தமான உருவகத்தை ஒரு நாவலாசிரியனாலும் கற்பித்திருக்க இயலாது. நகரைச் சூழ்ந்த மாகாணம் மட்டும் இன்றும் லெனின்கிராட் மாகாணமே.

புரட்சி தனக்கென எழுப்பிய சின்னங்களில் செவ்வாய்க்களத்து நினைவிடமே சிறந்தது. போர்த்தெய்வத்தின் பெயரால் வழங்கிய அந்தப் படை அணிவகுப்புத் திடலில், 1917 பெப்ரவரிப் புரட்சியில் வீழ்ந்தோர் புதைக்கப்பட்டனர். இளங் கட்டடக்கலைஞர் ருத்னெவ் பழைய துறைமுகப் பண்டகசாலையொன்றின் கருங்கற்களை எடுத்து அதனைச் சுற்றித் தாழ்ந்த சுவர்களை அமைத்தார். 1919இல் வேலை நிறைவெய்திற்று. அங்கே குதிரையில்லை, முகமுமில்லை. பார்ப்பவன் அண்ணாந்து நோக்க எதுவுமில்லாத முதல் அரச நினைவிடம் இதுவாகலாம். லூனசார்ஸ்கி எழுதிய வாசகங்கள் கற்களிலே உள்ளன. அவற்றின் உரத்த குரலைவிடச் சுவர்களின் தாழ்வே கூடுதலாகப் பேசுகிறது. 1957இல் இங்கு அணையாச் சுடர் ஏற்றப்பட்டது.

அச்சுடரிலிருந்து எடுத்த தீயே பிஸ்கரியோவ்ஸ்கோய் இடுகாட்டிலும் எரிகிறது. 1941 செப்டெம்பர் 8 முதல் 1944 சனவரி 27 வரை நீடித்த முற்றுகையில், வெண்கலக் குதிரைவீரனை மணலாலும் பலகையாலும் மூடினர். அனீச்சிக்கொவ் பாலத்துக் குதிரைகளை அருகிருந்த தோட்டத்திற் புதைத்தனர். சிலைகளைப் புதைத்துக் காத்த நகரம், மனிதரைப் புதைக்க வலுவற்று நின்ற நாள்களும் இருந்தன. 1960இலே திறக்கப்பட்ட இவ்விடுகாட்டில் ஏறத்தாழ 490,000 பேர் பொதுக்குழிகளிற் கிடக்கின்றனர். கற்பலகைகளிலே பெயரில்லை, ஆண்டு மட்டும் உண்டு. பொதுமக்கள் குழிக்கு அரிவாளும் சம்மட்டியும், படைவீரர் குழிக்கு நட்சத்திரமும் அடையாளம். இறுதிச் சுவரிலுள்ள வாசகம் முற்றுகைக்கால வானொலியில் மக்களுக்குத் தெம்பூட்டிய கவிஞர் ஒல்கா பெர்கோல்ஸ் எழுதியது. எவரும் மறக்கப்படவில்லை என்பதே அதன் சாரம்.

இவ்வாசகத்தை உருக்கத்தோடு மட்டும் வாசித்தல் போதாது. அதை எழுதிய கையை 1938இல் அதே அரசு சிறையிட்டிருந்தது. முற்றுகை முடியும் தறுவாயில் நகரமக்கள் உருவாக்கிய பாதுகாப்பு அருங்காட்சியகம், 'லெனின்கிராட் வழக்கு' என்னும் களையெடுப்பின்போது 1949இல் மூடப்பட்டு 1953இல் முற்றாகக் கலைக்கப்பட்டது. 1989இலேதான் மீளத் திறக்கப்பட்டது. பட்டினி கிடந்தோரின் நினைவுகூட அனுமதி பெற்றே வெளிவர வேண்டியிருந்தது. எதையும் மறக்கவில்லை என்று சுவரிலே கூறிய அரசு, எதை நினைப்பது என்ற உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இதனாற் பிஸ்கரியோவ்ஸ்கோய் பொய்யாகிவிடுமா? ஆகாது. இறந்தோர் உறவினர் அங்கு வந்து கற்கள்மீது பாண்துண்டுகளையும் இனிப்புகளையும் வைத்துச் செல்கின்றனர். அரசு அமைத்த இடத்தை அவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள்.

அண்மைக்காலச் சின்னங்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தம் மகன் சிறையிலிருந்த காலத்தில் கிரெஸ்திச் சிறையின் வாயிலிலே மாதக்கணக்காக வரிசையில் நின்றவர் அன்னா அக்மத்தோவா. அந்நாள்களிற் பிறந்த இரங்கற் கவிதைத் தொடரில், தமக்கு எப்போதாவது சிலையெடுக்க நினைப்போர் அதனைத் தாம் காத்துநின்ற அவ்விடத்திலேயே எடுக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை விதித்தார். சிலைகள் எங்கே நிற்கும் என்பதை அரசரும் அரசும் மட்டுமே முடிவுசெய்த நகரத்தில் அது துணிவான நிபந்தனை. 2006இல் அவருக்குச் சிலை எழுந்தது. ஆயின் அது நின்றது சிறைவாயிலில் அன்று, ஆற்றின் மறுகரையில். நடந்துசெல்லும் மெலிந்த பெண்ணுருவம் கழுத்தைத் திருப்பி நெவாவுக்கு அப்பால் நோக்குகிறது. 2017இற் கைதிகள் நகரின் புறத்தே கட்டப்பட்ட புதிய சிறைக்கு மாற்றப்பட்டனர். வெறுமையான செங்கற் சுவர்களை அச்சிலை இன்னும் பார்த்துக்கொண்டு நிற்கிறது.